கூரையுள்ள பாராளுமன்றமும் கூரையற்ற அரங்கும்

பழம்பெரும் நகரொன்றின் நடுவே புதிய நாடக அரங்கு கட்டப்படும் போதெல்லாம் ஒரே வழக்குத்தான் நடக்கிறது. முகப்பு பழையதைப் போல இருக்க வேண்டுமா, புதியதாக இருக்கலாமா என்பதே அவ்வழக்கு. தெருவில் நிற்பவனின் கண்ணுக்கு எது உறுத்தாது என்பதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் பேசுகிறார்கள். மேடையில் நிற்பவனின் குரல் கடைசி வரிசைக்குப் போய்ச் சேருமா என்ற கேள்வி பேச்சுக்கே வருவதில்லை. வந்தாலும் அது 'தொழில்நுட்ப விவரம்' என்று ஒதுக்கப்படுகிறது. இந்த ஒதுக்கலைத்தான் நாம் இங்கே எதிர்க்கப் போகிறோம். அதற்கு மால்ட்டாத் தீவின் தலைநகரான வல்லெட்டாவை எடுத்துக்கொள்கிறோம். நவீனக் கட்டடக்கலையின் பெருவெற்றி என்று சஞ்சிகைகள் கொண்டாடிய அரங்கொன்று அங்கே இருக்கிறது. நம் கருத்தில் அது வெற்றியன்று.

வல்லெட்டா சின்னஞ்சிறு நகரம். 1565-இல் துருக்கியப் படைகளின் பெருமுற்றுகையைத் தாக்குப்பிடித்த புனித ஜான் வீரச் சங்கத்தார், அடுத்த ஆண்டே ஒரு குன்றுத் தீபகற்பத்தின்மேல் அதற்கு அடிக்கல் நாட்டினர். 55 ஹெக்டேருக்குள் 320 நினைவுச் சின்னங்கள் இருப்பதாக யுனெஸ்கோ கணக்கிட்டு, 1980-இல் அந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குன்றைச் சமன்செய்து முடிக்கும்முன் அவசரம் வந்துவிட்டதால், நேர்கோட்டுத் தெருக்கள் ஏறியும் இறங்கியும் செல்கின்றன; பல தெருக்கள் வெறும் படிக்கட்டுகள். கால் ஊனமுற்ற பைரன் இப்படிக்கட்டுகளைச் சபித்துக் கவிதை எழுதினார். இந்தச் சரிவு நம் வழக்கில் மீண்டும் வரும்.

நகர வாயிலைக் கடந்தவுடன் வலப்புறம் ஓர் ஓபரா மாளிகை இருந்தது. லண்டன் கோவென்ட் கார்டன் ஓபரா மாளிகையைக் கட்டிய எட்வர்ட் மிடில்டன் பேரியின் வரைவு. 1866 அக்டோபர் 9 அன்று பெல்லினியின் ஓபராவோடு திறக்கப்பட்டது. ஏழாண்டு கழித்து, 1873 மே மாதம், உள்ளே தீப்பற்றி எரிந்தது. 1877 அக்டோபரில் வெர்தியின் 'அய்தா'வோடு மீண்டும் திறந்தார்கள். 1942 ஏப்ரல் 7 அன்று ஜெர்மானிய விமானங்கள் வீசிய குண்டில் அது நொறுங்கியது. எட்டு நாள் கழித்துத்தான் பிரிட்டிஷ் அரசர் தீவு முழுமைக்குமாக ஜார்ஜ் சிலுவை விருதை வழங்கினார். விருது கிடைத்தது, அரங்கு கிடைக்கவில்லை. அடுத்த எழுபது ஆண்டுகள் அந்த இடிபாடு நகரின் வாசலிலேயே கிடந்தது. நெடுங்காலம் அதற்குள் கார்கள் நிறுத்தப்பட்டன.

1980களின் இறுதியில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ முதன்முறையாக ஒரு திட்டம் வரைந்தார், அது நடக்கவில்லை. 2008-இல் அரசு மீண்டும் அவரை அழைத்தது. அப்போது அரசின் மனத்தில் இருந்தது அரங்கன்று, பாராளுமன்றம். அதுவும் ஓபரா மாளிகை இருந்த அதே மனையில். பியானோ அதை மறுத்து, பாராளுமன்றத்தைப் பக்கத்துச் சதுக்கத்துக்கு நகர்த்தினார். இதற்காக அவருக்கு நாம் வணக்கம் சொல்லியாக வேண்டும். நகர வாயிலையும் அவர் திருத்தியமைத்தார். 1960களில் எழுந்த அகன்ற வாயிலை அகற்றிவிட்டு, கோட்டைச் சுவரில் வெட்டிய வெறும் பிளவுபோல ஒன்றை வைத்தார். அதுவும் நல்ல காரியம். பாராளுமன்றத்தின் கல்முகப்பு வெயிலுக்கேற்பச் செதுக்கப்பட்டிருக்கும் விதத்தைப் படங்களில் பார்த்தாலே வியப்பு வருகிறது.

ஆனால் அரங்கு? அதற்கு அவர் கூரையே தரவில்லை. இடிந்து நின்ற அடித்தூண்களை அப்படியே நிறுத்தி, அவற்றினிடையே எஃகுச் சட்டங்களை நட்டு, மேடையும் இருக்கைகளும் அமைத்து, 'பியாத்ஸா தேயாத்ரு ரியால்' என்ற பெயரில் திறந்தவெளி அரங்கு ஆக்கினார். 2013 ஆகஸ்ட் 8 அன்று அது திறக்கப்பட்டது. கூரை வேண்டும் என்று மால்ட்டாவின் கலைஞர்கள் பலர் திட்டக் காலத்திலேயே பகிரங்கமாகக் கேட்டார்கள். கேட்டதோடு சரி.

வாசகர்கள் தேதிகளைச் சற்றே கவனிக்க வேண்டுகிறோம். பழைய அரங்கு திறந்த இரண்டு முறையும் அக்டோபர் மாதம். ஏனெனில் ஓபராவின் பருவம் குளிர்காலம். புதிய அரங்கு திறந்ததோ ஆகஸ்டில். மால்ட்டாவில் மழை பெய்வது அக்டோபர் தொடங்கிக் குளிர்கால மாதங்களில்தான். ஆக, முன்பு நாடகப் பருவமாக இருந்த மாதங்கள் முழுவதும் புதிய அரங்குக்கு ஆகாத மாதங்களாயின. எஞ்சிய கோடையோ அத்தீவில் ஊர்த் திருவிழாக்களின் காலம். புனிதர்தோறும் வாணவேடிக்கை உண்டு. மேடையில் காதலி உயிர்விடும் வேளையில் வானத்தில் வெடி வெடித்தால் அதைக் கட்டடக் கலைஞரின் குற்றம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் அந்த வெடி கேட்காதபடி செய்வதற்குப் பெயர்தான் அரங்கு கட்டுவது.

இன்னொரு விவரம். மால்ட்டாவின் பாராளுமன்றம் 2015 வரை தெருவில் கூடிக்கொண்டிருக்கவில்லை. 1921 முதல் பெருந்தலைவர் அரண்மனையில்தான் கூடியது. முதலில் திரைச்சீலைக் கூடத்தில், 1976-க்குப் பின் பழைய ஆயுதசாலையில். அதாவது தலைக்குமேல் அழகான கூரை உள்ளவர்களுக்குப் புதுக்கட்டடம் கிடைத்தது. 1942 முதல் கூரை இழந்திருந்த கலைக்கு, கூரையில்லாமையே ஒரு தத்துவமாக வழங்கப்பட்டது. ஒரே திட்டம், ஒரே கலைஞர், ஒரே கருவூலம். நாட்டில் பணமில்லை என்று சொல்லியிருந்தால்கூட நாம் வாயடைத்திருப்போம்.

எதிர்த்தரப்பினர் சொல்வதைப் பார்ப்போம். அவர்களில் முதலாமவர் 'இருந்தது இருந்தபடி' கட்சியினர். பேரியின் மாளிகையைக் கல்லுக்குக் கல் மீண்டும் கட்டியிருக்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். வெனிஸ் நகரின் மணிக்கூண்டு 1902-இல் சரிந்தபோது பிறந்த முழக்கம் இது. 1912-இல் அதே வடிவில் கட்டியும் முடித்தார்கள். அதே நகரின் லா ஃபெனிச்சே அரங்கு 1996-இல் தீக்கிரையானபோது மறுபடி அதே முழக்கம் எழ, ஆல்டோ ரோஸ்ஸியின் வரைவில் 2003-இல் பழைய வடிவம் திரும்பியது. பொன்முலாம் உட்பட. வெனிசுக்கு அது பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். நகல் என்பது எப்போதும் பாவம் என்று சொல்லும் வறட்டு நவீனவாதிகள் அல்லர் நாம். ஆனால் வல்லெட்டாவில் எதை நகல் எடுப்பது? பேரியின் மாளிகை அந்த மண்ணில் முளைத்ததன்று. லண்டன் மேசையில் வரையப்பட்டது. வரைந்தவர் தெருவின் சரிவைக் கணக்கில் கொள்ளவில்லை. அதைச் சரிக்கட்ட உள்ளூர்க் கட்டடக்காரர்கள் பிரதான தெருப் பக்கம் ஒரு மேடைத்தளம் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த நகரின் தூய மரபு என்று இன்று போற்றப்படுவது, வந்த நாளில் நிலத்தின் சரிவுகூடத் தெரியாத அந்நியன். பாரம்பரியம் பாரம்பரியம் என்று உருகுகிறவர்கள் எல்லா ஊரிலும் தங்கள் தாத்தா காலத்துப் புதுமையைத்தான் பாரம்பரியம் என்கிறார்கள்.

இரண்டாவது கட்சி சாமர்த்தியமானது. இதற்குப் 'புனித இடிபாட்டுக் கட்சி' என்று பெயர் வைக்கலாம். போரின் தழும்பை மறைக்கலாகாது, இடிபாடே நினைவுச் சின்னம் என்கிறார்கள் இவர்கள். கேட்க நெகிழ்ச்சியாக இருக்கிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி தேவாலயம் 1940 நவம்பரில் குண்டுகளால் அழிந்தது. அதன் இடிபாட்டை இன்றும் திறந்தவெளியாகவே காக்கிறார்கள். ஆனால் அதை ஒட்டியே பேஸில் ஸ்பென்ஸ் வரைந்த புதிய தேவாலயத்தை எழுப்பி 1962-இல் திறந்தும் வைத்தார்கள். கூரையுடன். இடிபாட்டிலேயே நனைந்துகொண்டு வழிபடுங்கள், அதுதான் நினைவுக்குச் செய்யும் மரியாதை என்று எந்த ஆயரும் சொல்லவில்லை. வழிபாட்டுக்கு ஒரு நியாயம், நாடகத்துக்கு ஒரு நியாயமா? நடிப்பு என்பது வாழும் தொழில், அதற்கு ஆண்டு முழுவதும் இடம் வேண்டும் என்ற எண்ணமே இல்லாதவர்களால்தான் இடிபாட்டை மேடை அலங்காரமாக ரசிக்க முடியும்.

மூன்றாவது வாதம் வான்கோடு பற்றியது. இதில் ஒரு மெய்யான சிக்கல் இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய நகருக்குள் வீடோ, நூலகமோ, அருங்காட்சியகமோ கட்டுவதைவிட நாடக அரங்கு கட்டுவது கடினம். காரணம், மேடைக்குமேல் இருக்கும் வெற்றிடம். வரைந்த திரைகளையும் மரச் சட்டகங்களையும் பார்வையாளர் காணாதபடி செங்குத்தாக மேலே தூக்கி மறைக்க வேண்டுமானால், மேடை வாயில் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டரை மடங்கு உயரமுள்ள கோபுரம் தேவை. அது ஜன்னலற்ற பெரும்பெட்டி. தெருவிலிருந்து பார்த்தால் அழகாக இராது. அடுத்தது, காட்சியமைப்புப் பொருள்கள் வரும் லாரி வந்து நிற்கப் பின்வாசல் வேண்டும். பழைய தெருக்களில் லாரியைத் திருப்பவே முடியாது. பிறகு ஒலி. வெளியிலிருக்கும் மணியோசை உள்ளே வரக்கூடாது, உள்ளே ஒலிக்கும் முரசு அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்கக்கூடாது. அதற்கு ஒரு சுவருக்குள் இன்னொரு சுவர், இடையில் காற்று என்று பெட்டிக்குள் பெட்டியாகக் கட்ட வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் இடம் பிடிக்கும். பழைய நகரத்தில் இல்லாதது இடம்தான்.

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தவர் ஒருவர் உண்டு. பிரான்சின் லியோன் நகரில் நகர மன்றத்துக்கு எதிரே 1831-ஆம் ஆண்டின் ஓபரா மாளிகை ஒன்று நின்றது. ஜான் நூவெல் அதன் நான்கு புறச் சுவர்களையும் முகப்புக் கூடத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே அனைத்தையும் அகற்றினார். தரைக்குக் கீழே ஆழமாகத் தோண்டினார். சுவர்களுக்கு மேலே கண்ணாடியும் எஃகுமாக அரைவட்ட வளைவை ஏற்றினார். 1993-இல் திறந்தபோது கட்டடத்தின் உள்ளளவு மூன்று மடங்காகியிருந்தது. ஒத்திகை அறைகள் நிலத்தடியில். நடனக்காரர்களின் பயிற்சிக்கூடமோ வளைவின் உச்சியில். அந்த வளைவைத் திட்டியவர்கள் லியோனில் ஏராளம். நமக்கும் அதன் கருநிற உட்புறமும் இரவில் தெரியும் செவ்வொளியும் சற்று மிகை என்றுதான் படுகிறது. ஆனால் அந்த மிகையான கூரைக்கடியில் ஒரு நடனக்குழு தினமும் காலையில் பயிற்சி செய்கிறது. ஐந்தாண்டு கழித்து, அந்த வளைவும் அங்கேயே நிற்க, யுனெஸ்கோ லியோனின் பழநகரைத் தன் பட்டியலில் சேர்த்தது. வானம் இடிந்து விழவில்லை.

வல்லெட்டாவின் வான்கோடு அப்படி யாரும் தொடாத கன்னிக்கோடும் அன்று. துறைமுகத்தின் மறுகரையிலிருந்து எடுத்த எந்தப் படத்திலும் முதலில் தெரிவது கார்மேல் அன்னை ஆலயத்தின் பெரும் குவிமாடம். அது பழையதென்று எண்ணிவிடக் கூடாது. போரில் சேதமுற்ற ஆலயத்தை 1958 முதல் புதிதாகக் கட்டி, முன்பிருந்ததைவிடப் பெரிய குவிமாடத்தோடு 1981-இல் முடித்தார்கள். யுனெஸ்கோ பட்டியலில் நகர் இடம்பெற்றதற்கு அடுத்த ஆண்டு! இன்று அதுவே நகரின் அடையாளம். நகரின் தலைக்குமேல் ஒரு மாடம் எழலாம், மேடைக்குமேல் ஒரு கோபுரம் எழக்கூடாது என்றால், மறுப்பு உயரத்தைப் பற்றியதன்று. அங்கே முன்பிருந்த ஓபரா மாளிகையே ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு பேரைக் கொள்ளும் பெரும் உருவம்தான். அந்த மனை என்றும் வெற்று வெளியாக இருந்ததில்லை.

'மத்தியதரைக் கடற்கரை அல்லவா, கிரேக்கர்கள் திறந்தவெளியில் ஆடவில்லையா?' என்றும் கேட்கிறார்கள். ஆடினார்கள். பகல் வெளிச்சத்தில், முகமூடி அணிந்து, மலைச்சரிவே செவியாக அமைந்த இடத்தைத் தேர்ந்து ஆடினார்கள். எபிடாரஸ் அரங்கு நகரின் கடைத்தெருவில் இல்லை. வல்லெட்டாவில் அரங்கின் ஒருபக்கம் நகரின் முதன்மையான நடைத்தெரு, மறுபக்கம் ஆலயங்கள். கிரேக்கரைத் துணைக்கழைப்பவர்கள் அவர்கள் இடத்தேர்வுக்காகப் பட்ட பாட்டையும் சேர்த்து அழைக்க வேண்டும்.

இடத்தேர்வு என்றதும் தமிழ் படித்தவனுக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நினைவுக்கு வராமல் இராது. மாதவி ஆடிய அரங்குக்கு இளங்கோ தரும் குறிப்பு ஏறத்தாழ ஒரு கட்டட வரைவே. முதலில் நிலத்தைத் தேர்கிறார்கள். பிறகு அளவுகோல், பெருவிரல் இருபத்துநான்கு கொண்டது ஒரு கோல். அகலம் 7 கோல், நீளம் 8, தரையிலிருந்து உயரம் 1, மேடைப் பலகைக்கும் மேல் உத்தரத்துக்கும் இடையே 4. உள்ளே வரவும் வெளியேறவும் இரண்டு வாயில்கள். மூன்று வகைத் திரைகள். இவற்றினும் நாம் வியக்கும் இடம் விளக்கு. தூணின் நிழல் ஆடுபவள்மேலும் அவையின்மேலும் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்கிறது அக்காதை. காவியம் பாடும் ஒருவர் தூண்நிழலைப் பற்றிக் கவலைப்படுகிறார். அரங்கின் வெளிமுகப்பு எப்படியிருந்தது என்று அங்கே ஒரு சொல் இல்லை. புகாரின் வீதிகளை அத்தனை விரிவாகப் பாடிய நூலில்தான் இது. அரங்கை ஆடுபவளிடமிருந்து தொடங்கி வெளிநோக்கிக் கட்ட வேண்டும் என்று அறிந்திருந்தவர்கள் அவர்கள். (நம் ஊரின் கல்யாண மண்டபம் போன்ற சபாக்களில் பக்கவாட்டுத் தூணுக்குப் பின்னால் அமர்ந்து நாடகம் 'கேட்ட' வாசகர்களுக்கு, அந்த அறிவு பிற்பாடு எங்கே போயிற்று என்று தோன்றினால் நாம் பொறுப்பல்லோம்.)

இனி, வல்லெட்டாவில் வேறென்ன செய்திருக்கலாம் என்று கேட்பவர்களுக்கு. பியானோவின் அலுவலகத்துக்கு நாம் பாடம் எடுக்க முடியாது. எனினும் பேரி கவனிக்கத் தவறிய அதே சரிவு அங்கே இன்னும் இருக்கிறது. மேல் தெருவிலிருந்து பார்வையாளர் நுழைய, கீழ்ப்புறத் தெருவில் மேடைக்கான பின்வாசலை வைக்கலாம். அடியில் இருப்பது வெட்டத்தக்க சுண்ணாம்புப் பாறை. அந்த நகரமே அதை வெட்டியெடுத்துக் கட்டப்பட்டதுதான். அரங்கைப் பாறைக்குள் இறக்கினால் மேடைக்கோபுரத்தின் பாதி உயரம் தரைக்கடியில் போய்விடும், சத்தத்துக்கும் அதுவே காப்பு. அடித்தூண்களை முகப்புக்கூடத்தின் சுவர்களாக நிறுத்தியிருந்தால், பார்க்க வருபவர் ஒவ்வொருவரும் 1942-இன் தழும்பைத் தொட்டபடி உள்ளே நுழைந்திருப்பார். கூரை சாதாரணமாக, அதிகம் பேசாததாக இருந்திருக்கலாம். பாராளுமன்றத்துக்கு வெயிலை அளந்து கல் செதுக்கிய கைகளுக்கு இது எட்டாத வேலை என்று நம்ப நாம் தயாராக இல்லை.

'வல்லெட்டாவில்தான் மனோவெல் அரங்கு இருக்கிறதே' என்பது கடைசியாக வரும் பதில். இருக்கிறது. 1731-இல் பெருந்தலைவர் மனோவெல் டி வில்ஹேனா கட்டிய அழகிய சிற்றரங்கு. ஐரோப்பாவில் இன்றும் இயங்கும் பழம் அரங்குகளுள் ஒன்று. அது பதினெட்டாம் நூற்றாண்டின் அளவுக்கு வெட்டிய சட்டை. பழைய வீரச் சங்கத்து மருத்துவமனைக்குள் 1979-இல் அமைத்த மாநாட்டுக்கூடம் பெரியதுதான். பெயரே அதன் முதல் வேலையைச் சொல்லிவிடுகிறது. தன் மொழியில் நாடகம் எழுதும் ஒரு சிறு நாட்டுக்கு, ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்களே பேசும் ஒரு மொழிக்கு, நாள்தோறும் ஒத்திகை பார்க்கும் நிலைத்த குழுவும் அதற்கொரு வீடும் தேவைப்படுவது ஆடம்பரமா? பெரிய மொழிகளுக்கு ஓர் அரங்கு போனால் இன்னொன்று. சிறிய மொழியின் நாடகம் இடமின்றி ஒரு தலைமுறை ஓய்ந்தால் அடுத்த தலைமுறைக்கு நடிக்கத் தெரிந்தவர்களே இரார். திறந்தவெளி அரங்கைப் போற்றுபவர்கள் ஒத்திகையை மறந்துவிடுகிறார்கள். காட்சி நடப்பது இரண்டு மணி நேரம். அதற்கான ஒத்திகை இரண்டு மாதம். அதை ஆகஸ்ட் வெயிலில் அந்தச் சதுக்கத்தில் நடத்திப் பார்க்கட்டும்.

நிகழ்ச்சி இல்லாதபோது அது பொதுமக்களின் சதுக்கம், இருக்கைகளை அகற்றினால் யாரும் உலாவலாம் என்பதைப் பியானோவின் ஆதரவாளர்கள் பெரும்பேறாகச் சொல்கிறார்கள். நடிகர்கள் அங்கே வாடகைக் குடியினர் என்பதைத்தான் அது வேறு சொற்களில் சொல்கிறது. ஆயினும் அந்தச் சொல்லில் ஒரு நன்மை ஒளிந்திருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. கழற்றக் கூடியதைக் கழற்றலாம். எஃகுச் சட்டங்கள் கல்லைச் சிதைக்காமல் நடப்பட்டிருக்கின்றன என்று பெருமையாகச் சொல்லப்படுகிறது. அப்படியானால் தூண்களும் சரிவும் பாறையும் அடுத்து வருபவருக்காக அப்படியே இருக்கின்றன. அடுத்த முறை குழு அமைக்கும்போது அதில் மேடை மேலாளர் ஒருவரையும், ஒலியறிந்தவர் ஒருவரையும், மால்ட்டீய மொழியில் நாடகம் எழுதுபவர் ஒருவரையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வைக்கட்டும். கட்டடக் கலைஞருக்குத் தரும் தேவைப் பட்டியலின் முதல் தாளில் மேடையின் அளவும் ஒத்திகை அறையின் அளவும் இருக்கட்டும். முகப்பைப் பற்றிய தாள் கடைசியில் வந்தால் போதும்.